கூடாரத்து அடுப்பும் அம்மாவின் தாச்சியும்



இதழுக்கு ஏதேனும் எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டபோது, இரத்த அழுத்தத்தைப் பற்றியோ நீரிழிவைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எண்ணியிருப்பார். நான் எடுத்துக்கொண்டதோ கேக் சுடும் போட்டியொன்றைப் பற்றியது. வைத்தியரே இனிப்பின் புகழ் பாடலாமா என்று யாரும் கோபிக்க வேண்டாம். நீரிழிவும் இடையில் வந்து சேரும்.

பிரித்தானியத் தொலைக்காட்சியில் 2010 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஓஃப்' என்னும் நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. பசும்புல் தரையில் ஒரு வெள்ளைக் கூடாரம். உள்ளே வரிசையாக அடுப்புகள். போட்டியிடுவோர் தொழில்முறைச் சமையற்காரர் அல்லர். ஆசிரியர், மாணவர், பொறியியலாளர், வீட்டிலிருப்போர் என நம்மைப் போன்றவர்களே. வாரத்துக்கு மூன்று சோதனைகள் வைத்து, பெரும்பாலும் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். கடைசியில் வெல்பவருக்குக் கிடைப்பது ஒரு பூச்செண்டும், கேக் வைக்கும் தட்டும் மட்டுமே. பணப் பரிசு ஒரு சதமும் இல்லை. அப்படியிருந்தும் 2016 ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியைப் பிரித்தானியாவில் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் பார்த்தார்கள்.

பிறகு அது கடல் கடந்தது. 'பேக் ஓஃப்' என்ற பெயருக்கு அமெரிக்காவில் பில்ஸ்பரி என்னும் மாக் கம்பனி உரிமை வைத்திருந்தபடியால், அங்கே பெயரைச் சற்று மாற்றி ஒளிபரப்பினார்கள். பிரான்சில் 2012 இலிருந்து அந்நாட்டுப் பதிப்பு நடக்கிறது. நமது கனடாவிலும் 2017 இல் சி.பி.சி. ஒன்றைத் தொடங்கியது, அதன் முதலாவது வெற்றியாளர் நமது மொன்றியல் நகரத்துப் பெண்மணி என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

நிற்க. இந்த நிகழ்ச்சி கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

2020 வசந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கனடாவிலேயே கொரோனா நோய் மிகக் கொடூரமாகத் தாக்கிய நகரம் நமது நகரம். முதியோர் இல்லங்களில் நாளாந்தம் உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. வைத்தியசாலையிலிருந்து நோயை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவேனோ என்ற பயத்தில், நான் கீழ்த்தளத்து அறையொன்றில் தனியே படுத்து எழும்பினேன். எண்பது வயதைக் கடந்த என் தாயாரும், பதின்மூன்று வயது மகளும், மனைவியும் மேலே. சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போவார்கள்.

அப்போதெல்லாம் மாலையில் மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்கு ஆச்சரியம். அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. மகளோ பாடசாலையில் பிரெஞ்சு, தோழிகளோடு ஆங்கிலம், தமிழில் "ஓம்", "இல்லை", "பசிக்குது" என்பதற்கு அப்பால் அதிகம் போகாதவள். அப்பம்மாவும் பேத்தியும் ஒரே வீட்டில் இருந்தும் விருந்தாளிகளைப் போலவே பழகினார்கள். இருவரும் சேர்ந்து எதற்குச் சிரிக்கிறார்கள்? விசாரித்தபோது, இந்தக் கூடாரப் போட்டியின் பழைய தொடர்களைப் பார்க்கிறார்கள் என்றாள் மனைவி.

கேக் வெந்ததா வேகவில்லையா என்று அறிய மொழி வேண்டாம் அல்லவா? மேரி பெரி என்ற முதிய நடுவர் பலகாரத்தை வெட்டித் திருப்பி அடியைப் பார்ப்பார். அவர் வாய் திறக்குமுன்னரே அம்மா, "அடி ஊறிப்போச்சு, பிள்ளை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாராம். நடுவரும் அதையே சொல்ல, பேத்தி கைதட்டுவாளாம். எங்கள் ஊரில் போறணை என்றால் அது பாண் சுடுபவரின் உடைமை. அம்மா தம் வாழ்நாளில் ஒரு கேக் சுட்டதில்லை. ஆனால் பதம் என்பது எல்லா அடுப்புக்கும் பொது என்பதை நான் அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

மூன்று சோதனைகளில் இரண்டாவது வேடிக்கையானது. முன்பின் செய்து பழகாத பண்டமொன்றின் குறிப்பைக் கொடுப்பார்கள். அதில் பாதி விபரம் இராது. "மாவைக் குழைக்கவும்", "வேகவிடவும்" என்று மட்டும் இருக்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பதைச் சொல்லமாட்டார்கள். போட்டியாளர் தலையில் கை வைப்பார்கள். அம்மாவுக்கு அது பிடிபடவேயில்லை. "உது பெரிய சோதினையே? எங்களுக்கு ஆர் அளந்து சொல்லித் தந்தது?" என்றாராம்.

2014 ஆம் ஆண்டுத் தொடரில், ஐஸ்கிரீம் உருகிப்போன ஆத்திரத்தில் ஒருவர் தான் செய்ததைக் குப்பை வாளியில் கொட்டிவிட்டு, அந்த வாளியையே நடுவர் முன் கொண்டுபோய் வைத்து வெளியேற்றப்பட்டார். "என்ன கோபமெண்டாலும் சாப்பாட்டைக் கொட்டலாமே" என்று அம்மா இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். 2018 இறுதிப் போட்டியில், கல்கத்தாவில் பிறந்த விஞ்ஞானி ராகுல் மண்டலின் கண்ணாடிச் சாடி வெடித்து, செய்தது வீணாகி, அவருக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவரே வென்றார். அது நியாயமா என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. கீழ்த்தளத்திலிருந்து நானும் தொலைபேசியில் கலந்துகொண்டேன்.

மகளுக்கு மிகவும் பிடித்தவர் 2015 இல் வென்ற நதியா ஹுசைன். இங்கிலாந்தில் பிறந்த வங்காளதேசக் குடும்பத்துப் பெண். அடுத்த ஆண்டு மகாராணியின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொடுத்தவர். அவருடைய தாயார் வீட்டில் அவனைச் சட்டி பானை அடுக்கி வைக்கத்தான் பயன்படுத்தினாராம். இதை மகள் எனக்குச் சொன்னபோது நான் எங்கள் அவனைத் திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு தாச்சி, ஒரு தோசைக்கல், இடியப்பத் தட்டுகள். உங்களிற் பலர் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தாச்சிகளைக் கண்டதும் எனக்கு மனம் குத்தியது. அதற்குக் காரணம் உண்டு.

2014 இல் அம்மாவின் இரத்தப் பரிசோதனையில் சீனி கூடியிருந்தது. மகன் வைத்தியன் அல்லவா? வீட்டில் இனிப்புப் பலகாரம் கூடாது என்று கட்டளையிட்டேன். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கடையில் ஒரு சிறு பெட்டி வாங்கினால் போதும் என்றேன். அம்மா மறுத்துப் பேசவில்லை. "நீ படிச்சனீ, தம்பி, நீ சொன்னாச் சரிதானே" என்றார். அன்றோடு அவருடைய தாச்சி உள்ளே போயிற்று. உண்பதைக் குறைக்கச் சொல்லியிருக்க வேண்டியவன், செய்வதையே நிறுத்திவிட்டேன். வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே உத்தியோகத்தைப் பறித்துவிட்டு, சீனி இறங்கியதைக் கண்டு திருப்திப்பட்டேன்.

முதியவர்களுக்குச் சீனியை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்த முனைந்தால், அது அளவுக்கு மீறி இறங்கி, மயங்கி விழுந்து எலும்பு முறியும் ஆபத்து உண்டு. ஆகவே வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பச் சற்றுத் தளர்த்துவதே இன்றைய மருத்துவ முறை. இதை என்னிடம் வரும் முதியவர்களுக்கு நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். சொந்தத் தாய்க்குச் சொல்ல மறந்தேன்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பேத்தி கேட்க, அம்மா தாச்சியை வெளியே எடுத்தார். பயத்தம் பணியாரம் செய்தார்கள். மகள் கையில் ஒரு கொப்பி. அம்மா கைப்பிடியால் மாவை அள்ள, அவள் அதைத் தராசில் கொட்டி எடை எழுதினாள். தமிழ்ச் சொற்களை எல்லாம் பிரெஞ்சு எழுத்திலே எழுதினாள். வெள்ளிக்கிழமைகளில் விரதம் என்பதால் அம்மா வாயில் வைக்கமாட்டார். மணத்தை வைத்தே "மிளகு காணாது" என்பார். மற்ற நாட்களில் ஒன்று, ஒன்றே ஒன்று, என் முன்னாலேயே எடுத்துச் சாப்பிடுவார். நானும் பார்த்தும் பாராதவன் போல் இருந்தேன்.

அம்மா 2023 தை மாதம் காலமானார். முதலாவது ஆண்டுத் திவசத்துக்கு அவருக்குப் பிடித்த அரியதரம் படைக்க வேண்டும் என்று மகள் விரும்பினாள். கொப்பியைத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் அரிசிமா, சீனி என்று இருந்தது. கீழே "பதம் வந்ததும் தட்டிப் போடு" என்று மட்டும் இருந்தது. செய்து காட்டுவதற்கு முன்னரே அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார். மகள் தன்னறிவுக்கு எட்டியபடி குழைத்துத் தட்டினாள். எண்ணெயில் போட்டதும் உதிர்ந்து போயிற்று. இரண்டாம் முறையும் அப்படியே. "அப்பா, இது அந்த டெக்னிக்கல் சேலஞ்ச் மாதிரி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மூடி வைத்த ஆறு ஆண்டுகள் அந்தப் பக்கத்தில் வெற்றிடமாக இருந்தன.

மூன்றாம் முறை விக்டோரியா வீதியில் வசிக்கும் ஓர் அம்மையார் வந்து, மாவை விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஒரு இரவு கிடக்கட்டும்" என்றார். மறுநாள் அரியதரம் உதிரவில்லை.

அன்பர்களே, உலகெங்கும் மக்கள் இந்த நிகழ்ச்சியை விரும்புவதற்குப் பலர் பல காரணம் சொல்லக்கூடும். தோற்றவரை மற்றவர்கள் கட்டியணைத்து அனுப்புவதும், ஒருவரது கேக் சரியும்போது பக்கத்து மேசைக்காரர் ஓடிவந்து தாங்கிப் பிடிப்பதும் எனக்கும் பிடிக்கும். ஆனால் என் வீட்டுக்கு அது செய்த நன்மை வேறு. ஒரு கிழவிக்கு நடுவர் ஆசனத்தைத் திருப்பிக் கொடுத்தது.

உங்கள் வீடுகளில் இன்னமும் அப்படி ஒருவர் இருப்பாராயின், அடுத்த சனி, ஞாயிறில் தாச்சியை வெளியே எடுங்கள். பிள்ளையின் கையில் ஒரு கொப்பியைக் கொடுங்கள். "பதம்" என்று சொன்னால் அதோடு விடாமல், அந்த மாவைப் பிள்ளையின் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை வைத்தியனாகவே சொல்கிறேன்.

— வைத்தியர் ஒருவர், கோட்-டெ-நெய்ஜ்