அட்டையில் ஒரு றகரம்

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் 'அட்டைப்படம் யார் போட்டது?' என்றுதான் நம் ஆட்கள் கேட்கிறார்கள். படம் இல்லாத அட்டை பாதி வேலை என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குற்றாலத்தில் இது இன்னும் இயல்பு. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை அங்கேதான், சுவரெல்லாம் ஓவியம்.

அதே குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்தவர் ரசிகமணி டி.கே.சி. அவர் காலத்துப் புத்தகம் எதிலாவது 'குற்றாலம்' என்று அச்சாகியிருப்பதைப் பார்க்க வேண்டும். நடுவில் இருப்பது இன்றைய றா அல்ல. துணைக்காலைத் தனியே ஊன்றாமல், றகரத்தோடு ஒட்டிச் சுழித்து முடியும். பக்கத்தில் 'மலை' வந்தால் லகரத்தோடு யானைத் துதிக்கை ஒன்று வளைந்து நிற்கும். அருவிக்கும் மலைக்கும் தனியாக ஓவியம் எதற்கு?

1978-ல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தத்தோடு இரண்டும் போயின. பெரியார் 1935 முதல் தம் ஏடுகளில் கையாண்ட முறை அது. அச்சுக் கோப்பவர்களுக்கும் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கும் பெரிய உபகாரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாடப்புத்தகத்துக்கு வேண்டாத எழுத்து அட்டைக்கும் வேண்டாதது ஆகிவிடுமா?

எழுத்தையே முகமாக்கும் துணிச்சல் தமிழில் இருந்தது. 1970-ல் வந்த சிற்றிதழுக்கு 'கசடதபற' என்று ஆறு வல்லின எழுத்துகளே பெயர். அடுத்து 'அஃக்'. சீர்திருத்தம் வந்த அதே 1978-ல் கவிஞர் ஆத்மாநாம் தம் இதழுக்கு ஒற்றை எழுத்தைப் பெயராக வைத்தார்: 'ழ'. ஓவியர் ஆதிமூலம் தலைப்புகளைக் கையால் எழுதித் தந்தார். அவர் கோட்டில் எழுத்துக்கு எலும்பு இருந்தது. பாரிஸின் கலிமார் பதிப்பகம் 1911-ல் தொடங்கிய வரிசைக்கு இன்றும் வெளிர்மஞ்சள் அட்டை, கறுப்பு சிவப்புக் கோடுகள், எழுத்து, அவ்வளவுதான். வாசகர்கள் படம் கேட்டுச் சண்டை போடவில்லை.

இங்கே இப்போது கணினியில் இருக்கும் நாலைந்து எழுத்துருவில் ஒன்றைத் தட்டி, இணையத்தில் கிடைத்த படத்தின்மேல் ஒட்டிவிடுகிறார்கள். தென்காசிக் கவிஞர் விக்ரமாதித்யனின் 1982 தொகுப்பின் பெயர் 'ஆகாசம் நீல நிறம்'. இன்று அட்டை போட உட்காருபவரின் கை முதலில் நீலத்துக்குத்தான் போகும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக விட்டால், ஆகாசத்தை வாசகரே விரித்துக்கொள்வார்.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி மறுபடி மறுபடி அச்சேறும் நூல். அடுத்த பதிப்புக்குக் குறத்தியும் கூடையும் அருவியும் வேண்டாம். அந்தப் பழைய றாவை யாராவது கையால் எழுதட்டும். முன்னும் பின்னும் தெரிந்த எழுத்துகள் இருப்பதால் சின்னப் பிள்ளைகூடத் தடுமாறாது. மற்றதையெல்லாம் சிறிதாக வைத்து, அதன் வாலை மட்டும் அட்டையின் அடிவிளிம்பு வரை இறங்கவிட்டால் போதும்.