விற்பனைக்கு ஒரு ஃபியட்

கோட்டுச்சேரிமேட்டில் ஒரு பழைய ஃபியட் கார் விற்பனைக்கு வந்திருக்கிறது. 1965-ஆம் வருடத்து 1100 டிலைட். நான் அண்ணன் என்று அழைத்து வந்த நண்பரின் வண்டி. அவர் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் பிரான்சில். அண்ணி மட்டும் இங்கே. வீட்டு ஓட்டுக் கூரையை மழைக்காலத்துக்கு முன் மாற்றியாக வேண்டும். அதற்குத்தான் இந்த விற்பனை.

விளம்பரம் எழுதும் வேலை எனக்கு வந்தது. குமாஸ்தாவாக இருந்தவன்தானே!

பெரிய பையன் பாரிசிலிருந்து பேசினான். "சித்தப்பா, இத்தாலியன் கிளாசிக், கிராண்ட் டூரிங் கார்னு போடுங்க. விலை ஏறும்."

எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் படித்த பிரெஞ்சில் அது 'கிரான் தூரிஸ்ம்', இத்தாலியர்களுக்கு 'கிரான் டூரிஸ்மோ'. நெடுந்தூரத்தை வேகமாகவும் சொகுசாகவும் கடக்கவென்றே செய்யப்பட்ட வண்டி. பெரும்பாலும் இரண்டே கதவு. 1951-இல் வந்த லான்சியா அவுரேலியா பி20 அந்த ஜாதி. நம்முடையது நான்கு கதவுக் குடும்ப வண்டி. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். வடிவம் இத்தாலியுடையது, கட்டியது பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். பிற்பாடு பிரீமியர் பத்மினி என்று ஓடியதே, அதற்கு அக்காள்.

இருந்தாலும் அண்ணன் அதில் போகாத தூரமா? சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கு மேல். வழியில் இரண்டு இடத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர், எங்களுக்குக் காபி.

கடற்கரை ஊரில் இரும்பு நிலைக்காது. உப்புக் காற்று தரைத்தகட்டைத் தின்றுவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் இரண்டு வருடம் டிங்கரிங், பெயின்டிங், சீட் வேலை என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். சாமான்கள் பம்பாயிலிருந்து வந்தன. அங்கே 2023 அக்டோபரோடு பத்மினி டாக்சிகளின் காலமும் முடிந்துவிட்டது. இனி சாமான் கிடைப்பது கஷ்டம்.

அந்தக் கஷ்டம்தான் விலையைத் தீர்மானித்தது. முதலில் வந்தவர் பையிலிருந்து காந்தம் எடுத்து உடம்பெல்லாம் ஒட்டிப் பார்த்தார். பட்டி தடிப்பாகப் பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. பின் சக்கரத்து மேல்வளைவில் விழுந்துவிட்டது. ஆனாலும் நல்ல விலை சொன்னார். பிறகுதான் தெரிந்தது, அவரிடம் இன்னொரு ஃபியட் இருக்கிறது. இதைக் கழற்றி அதற்குப் பூட்டுவாராம்.

அடுத்தவர் ஒரு இளைஞர். தினமும் இல்லாவிட்டாலும் ஞாயிறுதோறும் ஓட்டுவேன் என்றார். இருபதாயிரம் குறைவாகத்தான் அவரால் முடியும்.

கூரையை நினைத்து, முதல் ஆளுக்கே கொடுத்துவிடலாம் என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "தம்பி, கூரையைப் பாதி இந்த வருஷம், பாதி அடுத்த வருஷம் மாத்திக்கலாம். கழட்டுறவருக்கு வேணாம்" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

ஒன்று மட்டும் என் பங்குக்குச் சொன்னேன்: அவசரப்பட்டுக் கைமாற்றக் கூடாது. ஆர்.சி. புத்தகம் இன்னும் அண்ணன் பெயரில் இருக்கிறது. இறந்தவர் கையெழுத்துப் போட முடியாது. இறப்புச் சான்றிதழோடு படிவம் 31-இல் அண்ணி பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று மாதம்தான் கெடு. அதன் பிறகே 29, 30 படிவங்களில் வாங்குபவர் பெயருக்கு. ஐம்பது வருடம் தாண்டிய அசல் வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-இல் விதி வந்திருக்கிறது; அப்படிப் பதிந்தால் வாடகைக்கு விட முடியாது. அது வேண்டுமா என்பதை இளைஞர் முடிவு செய்யட்டும்.

உங்கள் வீட்டிலும் மறைந்தவர் பெயரில் வண்டி நிற்கிறதா? இந்த வாரமே ஆர்.சி.யைத் தேடி எடுத்து வையுங்கள்.

விளம்பரத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று. ஆனாலும் எழுதிய தாளை இளைஞரிடம் கொடுத்தேன். அதில் பின் வளைவில் பட்டி உண்டு என்றும் எழுதியிருக்கிறேன்.