மல்லிகைக்கு ஓர் இரவு: ஃபூச்சோவின் மணமேற்றும் பட்டறைகள்

சீனாவின் மரபுவழித் தேயிலைத் தயாரிப்பு முறைகளையும் அவற்றை ஒட்டிய சமூக வழக்கங்களையும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் யுனெஸ்கோ 2022 நவம்பரில் சேர்த்தபோது, அத்தொகுப்பில் இடம்பெற்ற கைவினைகளுள் ஒன்று, ஃபூஜியான் மாகாணத்தின் தலைநகரான ஃபூச்சோவில் மல்லிகைப் பூவின் மணத்தைத் தேயிலையில் ஏற்றும் வேலையாகும். அதற்கு முன்பே, 2014இல், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, அந்நகரைச் சூழ்ந்த மல்லிகைத் தோட்டங்களையும் மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டங்களையும் ஒருசேர உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது. இவ்விரு சிறப்புகளும் உரியனவே. ஆயினும், நள்ளிரவில் பூவும் இலையும் கலந்த அம்பாரத்தைக் கிளறுபவரின் உழைப்பும், உச்சிவெயிலில் மொட்டுப் பறிக்கும் பெண்களின் கூலியும் இந்தச் சிறப்புகளால் எவ்வளவு மாறின என்பதைக் கேட்காமல் இக்கைவினையைப் பற்றி எழுதுவது முறையாகாது.

மணமூட்டிய தேயிலை என்று கடைகளில் விற்கப்படுவனவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஏலம், இஞ்சி, ஆரஞ்சுத் தோல் போன்ற உலர்பொருள்களை இலையோடு கலந்து விற்பது ஒரு வகை. எண்ணெயாகவோ செயற்கைச் சாரமாகவோ உள்ள வாசனையை இலைமீது தெளித்துப் புரட்டுவது இரண்டாவது வகை. உயிருள்ள பூவைத் தேயிலைக்குள் புதைத்து, பூ விரியும்போது வெளிவிடும் மணத்தை இலையே உறிஞ்சிக்கொள்ளச் செய்து, பிறகு பூவை அகற்றிவிடுவது மூன்றாவது வகை. முதலிரண்டும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலைகள். மூன்றாவது வகைக்கு வாரக்கணக்கான உழைப்பு தேவைப்படுகிறது. ஃபூச்சோவின் பெயர் நிலைத்ததும் அதனால்தான்.

மின் ஆறு கடலை நெருங்கும் படுகையில் ஃபூச்சோ அமைந்திருக்கிறது. ஆற்றோரத்து மணற்பாங்கான தாழ்நிலத்தில் மல்லிகையும், சுற்றியுள்ள மலைகளில் தேயிலையும் விளைவதால், இரண்டும் ஒரே நகரில் சந்திப்பது எளிதாயிற்று. இங்குப் பயிராகும் மல்லிகை தமிழகத்தில் குண்டுமல்லி என்று வழங்கும் அதே தாவர இனம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சீனாவுக்கு இச்செடி தெற்காசியப் பகுதியிலிருந்து பழங்காலத்தில் சென்றது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. செடி ஒன்றாயினும் பறிக்கும் வேளை ஒன்றல்ல. மதுரை வட்டாரத்தில் பொழுது புலரும் முன்பே தோட்டத்தில் இறங்கி, காலைச் சந்தைக்குள் பூவைச் சேர்த்துவிட வேண்டும். தொடுத்த பூ மாலையில் தலையில் விரிய வேண்டும் என்பதே அங்குக் கணக்கு. ஃபூச்சோவிலோ நண்பகலுக்குப் பின்னரே பறிப்பு தொடங்குகிறது. அன்றிரவு விரியப்போகும் மொட்டு, பகல் வெயிலை முழுவதும் வாங்கி, வெண்மை திரண்டு, பருத்து நிற்கும் அந்த வேளையில்தான் அதில் மணத்துக்கான மூலப்பொருள் முழுமையடைகிறது. முந்தைய நாளே விரிந்துவிட்ட பூவாலும், இன்னும் பச்சை மாறாத இளமொட்டாலும் பட்டறைக்குப் பயனில்லை. எனவே பறிப்பவர் ஒவ்வொரு கிளையிலும் அந்த ஒருநாள் மொட்டைக் கண்ணால் தேர்ந்து, காம்பைக் குறுக விட்டுக் கிள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ மொட்டு சேர ஆயிரக்கணக்கான முறை கிள்ள வேண்டும். இதற்கு இயந்திரம் ஏதும் இன்றுவரை மாற்றாகவில்லை. மே முதல் அக்டோபர் வரை பூ கிடைத்தாலும், ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் கடும் வெயிலில் விளைவதே மிகுந்த மணமுடையது. அதாவது வேலை செய்வதற்கு மிகக் கொடிய நாள்களே பூவுக்கு மிக நல்ல நாள்கள். மழையில் நனைந்த பூ உயர்தரத் தேயிலைக்கு ஆகாது.

மணம் ஏற்கும் தேயிலை பெரும்பாலும் வசந்த காலத்தில் பறித்து உலர்த்திய பச்சைத் தேயிலை. அது கோடைப் பூவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறது. அதன் தயாரிப்பு மற்றப் பச்சைத் தேயிலைகளினின்று பெரிதும் வேறுபடாதாகையால் விரித்துரைக்க வேண்டியதில்லை. நன்கு உலர்ந்த இலை நுண்துளைகள் நிறைந்தது என்பதும், சுற்றிலும் உள்ள எந்த மணத்தையும் அது பற்றிக்கொள்ளும் என்பதும் மட்டும் நினைவிற்கொள்ளத் தக்கவை. சமையலறையில் திறந்து வைத்த தேயிலையில் பெருங்காய வாடை ஏறுவதற்குக் காரணமான அதே இயல்பு இங்குக் கைவினையின் அடிப்படையாகிறது.

அந்தி சாயும் வேளையில் மூட்டைகளில் வந்திறங்கும் மொட்டுகளைப் பட்டறையில் உடனே தேயிலையோடு கலப்பதில்லை. மல்லிகையின் மணம் மொட்டுக்குள் ஆயத்தமாக இருப்பதன்று. விரியும்போதுதான் அது உருவாகி வெளிப்படுகிறது. செண்பக இனத்தைச் சேர்ந்த ஒரு வெண்பூ இதற்கு மாறானது: அதன் இதழிலேயே மணம் எப்போதும் தங்கியிருக்கும் என்பதால், மல்லிகைக்கு முன் சிறிதளவு செண்பகத்தைச் சேர்த்து அடிமணம் இடும் வழக்கமும் உண்டு. மல்லிகை மொட்டையோ விரியும் நிலைக்குப் பக்குவப்படுத்த வேண்டும். தரையில் பரப்பி வெப்பத்தைத் தணித்து, பின் குவித்துச் சூடேற்றி, மீண்டும் பரப்பி, இவ்வாறு மாறி மாறிச் செய்யும்போது மொட்டுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதழ் அவிழ்க்கத் தொடங்குகின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் பெரும்பாலான மொட்டுகளில் இதழ் நுனிகள் பிரிந்து, முழுதும் மலராமல், உள்நோக்கி வளைந்து நிற்கும். அந்நிலையைப் பட்டறையினர் புலிநகம் என்கின்றனர். அப்போது சல்லடையில் இட்டுச் சலித்தால் விரியாத சிறுமொட்டும் காம்பும் கீழே விழ, விரியத் தொடங்கியவை மேலே நிற்கும். இனித் தாமதிக்க இயலாது. புலிநக நிலையைக் கடந்த ஒவ்வொரு மணி நேரமும் மணம் காற்றோடு போய்விடும்.

தேயிலையும் பூவும் அடுக்கடுக்காக இடப்பட்டு, மரவாரியால் புரட்டப்பட்டு, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் அம்பாரமாக்கப்படுகின்றன. பூ அங்கும் உயிரோடுதான் இருக்கிறது; மூச்சுவிடுகிறது; அதனால் வெப்பமும் ஈரமும் வெளிப்படுகின்றன. நாலைந்து மணி நேரத்தில் அம்பாரத்தின் உட்புறம் 45 பாகைக்கு மேல் சூடாகும்போது, அதைக் கலைத்துப் பரப்பிக் காற்றாட விட்டு, ஆறியதும் திரும்பக் குவிக்க வேண்டும். கைவினையின் உயிர்நாடி இந்த ஒரு தீர்மானத்தில்தான் உள்ளது. விரைந்து கலைத்தால் இலை மணத்தை முழுதும் ஏற்காது. காலம் தாழ்த்தினால் பூ வெந்து மஞ்சளாகி, வேகவைத்த கீரையின் வாடை தேயிலை முழுவதிலும் ஏறி, அதுவரை செலவான பூவும் உழைப்பும் வீணாகும். இன்று வெப்பமானிகளும், பெரிய தொழிற்சாலைகளில் கலப்பு இயந்திரங்களும் இருக்கின்றன. எனினும் கையால் செய்யும் பட்டறைகளில் மூத்த தொழிலாளி முழங்கை வரை கையை அம்பாரத்துக்குள் நுழைத்து, ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்த பின்னரே ஆணையிடுகிறார். வெப்பமானி சூட்டை மட்டும் சொல்லும்; பூவில் இன்னும் மணம் எஞ்சியிருக்கிறதா, இலை எவ்வளவு ஈரம் வாங்கியிருக்கிறது, இன்றைய பூ நேற்றையதைப் போன்றதா என்பவற்றைப் பல கோடைகளின் பழக்கமே சொல்கிறது. இந்தத் தீர்மானம் நள்ளிரவுக்குப் பின், ஈரப்புழுக்கம் நிறைந்த கூடத்தில், பருவம் முழுவதும் இரவுதோறும் எடுக்கப்பட வேண்டியது. இளைஞர்கள் இவ்வேலைக்கு வரத் தயங்குவதற்குக் காரணம் கைவினையின்மேல் மதிப்பின்மை அன்று. பகலும் இரவும் தலைகீழாகும் உழைப்புக்கு ஏற்ற வருவாய் வேறிடத்தில் எளிதாகக் கிடைப்பதேயாகும்.

குவித்ததிலிருந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் பூ வாடிவிடும். அதைச் சலித்து நீக்கி, ஈரம் ஏறிய தேயிலையைச் சூட்டில் உலர்த்தி, ஆறவிட்டு, புதிய பூவோடு மறுபடியும் அதே வரிசையில் தொடங்குகிறார்கள். எளிய வகைக்கு இது ஓரிரு முறை நடக்கும்; உயர்ந்த வகைக்கு ஏழு முறையும் அதற்கு மேலும் நடக்கும். இறுதியில் சிறிதளவு தேர்ந்த பூவைச் சேர்த்து, எடுத்த பின் உலர்த்தாமலே விடுவதால், உலர்த்தும்போது இழந்த மேல்மணம் திரும்புகிறது. உயர்தரத் தேயிலையில் செலவாகும் பூவின் மொத்த எடை தேயிலையின் எடைக்குச் சமமாகவோ அதைத் தாண்டியோ இருக்கும் என்பதிலிருந்து, ஒரு கோப்பைக்குப் பின்னால் எத்தனை மொட்டுகள் உள்ளன என்பதை ஊகிக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் தேயிலையில் பொதுவாகப் பூ இருப்பதில்லை. உலர்ந்த இதழ்கள் மிகுதியாகத் தெரிவதே மல்லிகைத் தேயிலையின் தரம் என்று நம்புபவர்களை வணிகர் பலர் எளிதில் ஏமாற்றுகின்றனர். சிச்சுவான் மாகாணத்தில் அழகுக்காகவே வெண்பூக்களை மிதக்கவிடும் ஓர் உயர்ந்த வகை உண்டு என்பது உண்மையே. ஆனால் மலிவுச் சந்தையில் நடப்பது வேறு: மணம் இழந்து கழித்துப்போட்ட பூவை உலர்த்தி, சாரம் தெளித்த மட்டமான இலையில் தூவி, ஏழு முறை மணமேற்றியதற்கு வைக்கும் அதே பெயரை அதற்கும் வைத்துவிடுகிறார்கள். சாரம் தெளித்தது என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதோ இரவெல்லாம் அம்பாரத்தருகே நின்றவரின் கூலியைத் திருடுவதற்கு ஒப்பாகும், ஏனெனில் இரண்டும் ஒரே பெயரில் ஒரே அலமாரியில் நிற்கும்போது உண்மையான கைவினை தன் விலையைக் கேட்க இயலாமல் போகிறது.

மல்லிகை உழவரின் நிலை இன்னும் கடினமானது. நெல்லை விலை ஏறும்வரை களஞ்சியத்தில் வைக்கலாம். தேயிலையையும் உலர்த்தி மாதக்கணக்கில் வைக்கலாம். பிற்பகலில் பறித்த மொட்டோ இரவுக்குள் விற்றாக வேண்டும். காத்திருக்க முடிந்தவர் வணிகர், காத்திருக்க முடியாதவர் உழவர் என்ற நிலையில் பேரம் என்பது பெயரளவுக்கே நடக்கிறது. பூ மிகுந்து வரும் நாளில் விலை சரிகிறது. பூ குறைந்த நாளில் விலை ஏறினாலும் விற்கப் பூ இல்லை. மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு மூட்டையோடு வரும் உழவருக்கு இந்தக் கணக்கை எவரும் விளக்க வேண்டியதில்லை. முகூர்த்த நாளில் விண்ணைத் தொடும் விலை அடுத்த வாரமே பறிகூலிக்குக்கூட எட்டாமல் போவதை அவர் ஆண்டுதோறும் காண்கிறார். ஃபூச்சோவில் இதோடு நகர விரிவாக்கமும் சேர்ந்தது. ஆற்றோரத்துத் தாழ்நிலங்கள் குடியிருப்புகளாக மாறியதாலும் கூலி உயர்ந்ததாலும், 1990களிலிருந்து மல்லிகைத் தோட்டங்கள் சுருங்க, தென்மேற்கே குவாங்ஷி தன்னாட்சிப் பகுதியிலுள்ள ஹெங்ஜோவ் அவ்விடத்தைப் பிடித்தது. சீனாவின் மல்லிகையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்று அங்கு விளைகிறது. அங்கும் மொட்டைக் கிள்ளுவது மனிதக் கைகளே.

தேயிலைக்கு மணமூட்டுவதே தகாது என்ற கருத்தும் பழமையானது. ஃபூஜியானில் பிறந்து ஃபூச்சோவை ஆட்சி செய்த அதிகாரியும் அறிஞருமான சாய் ஷியாங், 11ஆம் நூற்றாண்டில் எழுதிய தேயிலை நூலில், அரசருக்கு அனுப்பும் தேயிலையில் வாசனைப் பொருள் சேர்ப்பது இலையின் இயல்பான மணத்தைப் பறித்துவிடும் என்று கண்டித்திருக்கிறார். மிங் அரச மரபுக் காலத்து நூலொன்றோ மூன்று பங்கு தேயிலைக்கு ஒரு பங்கு பூ என்று அளவே வகுத்துத் தருகிறது. மட்டமான இலையின் குறையை மறைக்க மணம் பயன்படுமிடத்தில் சாய் ஷியாங்கின் கண்டனம் இன்றும் பொருந்தும். நல்ல இலையும் நல்ல பூவும் சேருமிடத்தில் அது பொருந்தாது. துவர்ப்பும் இனிப்பும் கலந்த பச்சைத் தேயிலையின் சுவைக்கு மேலே மல்லிகை தனியாகத் துருத்தாமல், விழுங்கிய பிறகு தொண்டையில் தங்குவதே நன்கு செய்யப்பட்டதன் அடையாளம்.

இத்தேநீரின் பெரும் இரசிகர்கள் ஃபூச்சோவில் அல்ல, வெகு தொலைவில் வடக்கே பெய்ஜிங்கில் வாழ்கிறார்கள். அந்நகரின் கடினநீரிலும் மணம் குன்றாமல் நிற்பதே இத்தேயிலை அங்கு வேரூன்றக் காரணம் என்று பலரும் சொல்வர். 1887இல் தொடங்கிய வூ யூ தாய் போன்ற பழைய கடைகளில் இன்றும் மக்கள் மல்லிகைத் தேயிலையை எடைபோட்டு வாங்குகிறார்கள். உயர்ந்த வகைகளைச் சலிக்கும்போது உதிரும் துண்டுகளையும் நொறுங்கலையும் சேர்த்துக் குறைந்த விலைக்கு விற்பது அங்கு நெடுநாள் வழக்கம். ‘காவ்மோ’ எனப்படும் அந்த நொறுங்கல் விரைவில் சாறு இறங்கி ஓரிரு ஊற்றோடு வெளுத்துவிடும் என்றாலும், விலையுயர்ந்த இலையின் மணம் அதில் அப்படியே இருப்பதால், சிறு வருவாய்க் குடும்பங்களின் காலைக் குவளைக்கு அதுவே துணை. ஃபூச்சோவில் பிறந்து பெய்ஜிங்கில் வாழ்ந்த எழுத்தாளர் பிங் ஷின் தம் ஊர் மல்லிகைத் தேநீரைப் பற்றிப் பரிவோடு எழுதியிருப்பதும், ஊரைப் பிரிந்தவருக்கு இக்கோப்பை என்னவாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. இதை அருந்த விலையுயர்ந்த கலங்கள் வேண்டியதில்லை. கொதி அடங்கிய நீரும், இலை விரிய இடமுள்ள ஒரு மூடிக் குவளையும், இரண்டு மூன்று நிமிடமும் போதும். அதே இலையில் மூன்று முறையாவது நீர் ஊற்றலாம்.

மரபுப் பட்டியல்கள் ஒரு கைவினையின் பெயரைக் காக்கும். அதைச் செய்பவரைக் காப்பது விலையே. பறிப்பதற்கு முன்பே பருவம் முழுமைக்கும் அடிவிலையை உறுதிசெய்யும் ஒப்பந்தம் பூ விளைவிப்போர்க்கு வேண்டும், அது ஃபூச்சோவாயினும் ஹெங்ஜோவாயினும் மதுரையாயினும். மல்லிகைத் தேயிலை வாங்குவோரும் பொட்டலத்தின் படத்தை நம்பாமல், பூவால் மணமேற்றியதா சாரம் தெளித்ததா, எத்தனை முறை மணமேற்றியது, எந்தப் பருவத்துப் பூ என்று கடைக்காரரைக் கேட்க வேண்டும். விடை சொல்லத் தெரிந்தவரிடம், சற்றுக் கூடுதல் விலையானாலும், நூறு கிராம் வாங்கிப் பார்க்க வேண்டும்.