மௌனம் சம்மதமா?

பெண்ணை மலரென்றும் கொடியென்றும் மதியென்றும் பாடுவது நம் கவிஞர்களின் நெடுநாளைய வழக்கம். கேட்பதற்கு இனிமையான வழக்கந்தான். ஆயினும் அம்மலர்ச் செடிக்கு நீர் ஊற்றிய கை யாருடையது, அக்கொடிக்குப் பந்தலிட்டவள் யார் என்னும் வினாக்கள் அக்கவிதைகளில் அரிதாகவே எழுகின்றன. என் உள்ளத்தில் அவ்வினாக்களை எழுப்பியவை இரண்டு அமெரிக்கச் சிறுகதைகள்.

முதலாவது, சாரா ஓர்ன் ஜூவெட் எழுதி 1886இல் வெளிவந்த 'ஒரு வெண்கொக்கு'. மெய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த இவ்வம்மையார், மருத்துவரான தம் தந்தை நோயாளிகளைக் காணச் செல்லும்போதெல்லாம் உடன் சென்று நாட்டுப்புறத்தை அறிந்தவர். கதையின் நாயகி சில்வியா ஒன்பது வயதுச் சிறுமி. நெரிசல் மிகுந்த தொழில் நகரிலிருந்து பாட்டியின் பண்ணைக்கு வந்து, காட்டையே தோழியாகக் கொண்டவள். பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்து சேகரிக்கும் இளைஞன் ஒருவன் அங்கே வருகிறான். வெண்கொக்கின் கூட்டைக் காட்டுவோருக்குப் பத்து டாலர் தருவதாகக் கூறுகிறான். ஏழைக் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. அவனோ இனிய சுபாவமுடையவன். சிறுமிக்கும் அவன்மீது பிரியம் உண்டு. விடியுமுன் அவள் தன்னந்தனியே உயர்ந்த பைன் மரத்தின் உச்சிக்கு ஏறுகிறாள். தொலைவில் கடலைக் காண்கிறாள். கொக்கையும் அதன் கூட்டையும் காண்கிறாள். இறங்கி வந்தபின் பாட்டியும் இளைஞனும் எவ்வளவோ கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

அக்காலத்தில் சீமாட்டிகள் தொப்பியில் கொக்கின் இறகைச் செருகிக்கொள்வது நாகரிகமாக இருந்தது. கதை வெளிவந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1896இல், பாஸ்டன் நகரில் ஹாரியட் ஹெமென்வே, மின்னா ஹால் என்னும் இரு பெண்மணிகள் இறகுத் தொப்பியைத் துறக்குமாறு தோழியரைத் திரட்டினர். மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கம் என்னும் பறவைப் பாதுகாப்புச் சங்கம் அம்முயற்சியில் பிறந்ததே.

இரண்டாவது கதை, ஜான் ஸ்டைன்பெக் எழுதி 1937இல் வெளிவந்த 'செவ்வந்திகள்'. கலிபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கில் வாழும் எலிசாவுக்கு முப்பத்தைந்து வயது. அவள் கைபட்ட செவ்வந்தி செழித்துப் பூக்கும். கணவனோ, ஆப்பிள்களும் இவ்வளவு பெரிதாக விளைந்தால் நன்றாயிருக்குமே என்கிறான். பாத்திரம் பழுதுபார்க்கும் ஒருவன் வண்டியில் வந்து, வேலை கிடைக்காமையால் அவள் பூக்களைப் பற்றி ஆவலுடன் விசாரிக்கிறான். அவள் உள்ளம் மலர்ந்துவிடுகிறது. நாற்றுகளைச் சிவந்த தொட்டியில் ஈரமணலுடன் வைத்துத் தந்து, வளர்க்கும் முறையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறாள். அன்று மாலை கணவனுடன் நகருக்குச் செல்கையில், அந்த நாற்றுகள் சாலையில் கொட்டிக் கிடக்கக் காண்கிறாள். தொட்டியை மட்டும் அவன் எடுத்துக்கொண்டான். அவள் ஒன்றும் சொல்லாமல், கணவன் காணாதபடி அழுகிறாள்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் உம்மா வைத்த மருதாணி மரம் ஒன்று இருந்தது. பெருநாளுக்கு முந்திய இரவில் தெருப் பெண்பிள்ளைகள் அனைவரும் எங்கள் வீட்டில்தான் கூடுவர். எந்தக் கிளையின் இலை நன்கு சிவக்கும், எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உம்மாவுக்குத் தெரியும். வீட்டைப் பெரிதாக்கியபோது, உம்மா ராத்தா வீட்டுக்குச் சென்றிருந்த சமயம் பார்த்து, மரத்தை வெட்டச் சொல்லிவிட்டேன். திரும்பி வந்தவர்கள் கொல்லைக் கதவைத் திறந்தபடி நெடுநேரம் நின்றார்கள்.

"வெட்டிட்டியா, வாப்பா?"

அவ்வளவுதான் கேட்டார்கள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்களே, அதை நம்பி நான் நிம்மதியடைந்தேன். சில்வியாவின் மௌனம் மறுப்பு. எலிசாவின் மௌனம் துயரம். உம்மாவின் மௌனம் எது என்று நான் பல ஆண்டுகளாகக் கேட்டதே இல்லை. ஒரு மரத்தைத்தான் அகற்றினேன் என எண்ணியிருந்தேன். அவர்கள் அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உரியதாய் இருந்த ஓரிடத்தையல்லவா அகற்றியிருக்கிறேன்!

ஒருநாள் எலிசாவின் கதையை உம்மாவுக்குச் சொன்னேன். முடிவு வரை கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள மறுபடியும் நாத்து வச்சாளா?" என்றார்கள்.

"கதையில் அது இல்லையே, உம்மா."

"வச்சிருப்பா."

அதன்பின் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய் மருதாணிக் குச்சி ஒன்று வாங்கி வரச் சொன்னார்கள். அந்த வீட்டு மரமே உம்மா முன்னொரு நாள் ஒடித்துக் கொடுத்த குச்சியிலிருந்து வளர்ந்ததுதானாம்.

எங்கே நடுவது என்று இம்முறை அவர்களிடமே கேட்டேன்.