இரண்டு பவுனுக்கு ஒரு சிங்கம்

ஆக்ஸ்போர்டுக்குப் போகிறவர்கள் கல்லூரிகளைப் பார்ப்பார்கள், நூல்நிலையத்தைப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். ஆனால் உங்களை நான் முதலில் அழைத்துப் போக விரும்புவது பிராட் தெருவில் 17-ஆம் எண் கடைக்கு.

1942-ல், யுத்தத்தின் நடுவே கிரேக்க நாடு பட்டினியில் வாடியபோது, உதவி அனுப்புவதற்காக இந்த ஊரில் ஒரு கமிட்டி கூடியது. 'ஆக்ஸ்பாம்' பிறந்த கதை அதுதான். ஜனங்கள் கொடுத்த பழைய சாமான்களை விற்றுப் பணமாக்க, 1940-களின் கடைசியில் இந்தக் கடையைத் திறந்தார்கள். இன்று இங்கிலாந்தில் இப்படியொரு தருமக் கடை இல்லாத கடைத்தெரு அபூர்வம். விற்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

அதே ஊரில் ஒரு சந்துக்குள் இன்னொரு சின்னக் கடை இருக்கிறது. பெயர் வேண்டாமே! உள்ளே நுழைந்ததும், நெடுநாள் பெட்டியடியில் கிடந்த பட்டுப் புடவையின் வாசனை. ஜோடி பிரிந்த பீங்கான் கோப்பைகள். ஒரு பழைய கோட்டின் உட்புறத்தில் 'ஸி.ஸி.41' என்ற முத்திரை. யுத்த காலத்தில் துணிப் பஞ்சம் வந்தபோது, பொத்தான் இத்தனை, மடிப்பு இத்தனை என்று சர்க்கார் கணக்குப் பார்த்த காலத்தின் அடையாளம் அது.

மூலையில் ஒரு தகர டப்பா நிறைய ஸ்பூன்கள். ஒன்று 2 பவுன். (பவுன் என்றதும் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்க்காதீர்கள், அது அவர்கள் ஊர்ப் பணம்!) ஒரு ஸ்பூனை எடுத்துத் திருப்பினேன். காம்பின் பின்புறம் கடுகளவில் ஒரு சிங்கம் நடந்துகொண்டிருந்தது! பக்கத்தில் ஒரு நங்கூரம், ஓர் எழுத்து.

சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம், பர்மிங்காமில் சோதித்ததற்கு அடையாளம். அந்த ஊரில் கடலே கிடையாது என்பது வேறு விஷயம்! எழுத்து, எந்த வருஷம் என்று சொல்லும். மற்ற ஸ்பூன்களில் 'இ.பி.என்.எஸ்.' என்றிருந்தது, அவை வெறும் முலாம்.

சீட்டு எழுதியவர் கண்ணில் சிங்கம் படவில்லை. பேசாமல் 2 பவுனை நீட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்பூனும் கையுமாகக் கடையை இரண்டு முறை சுற்றி வந்தேன்.

கல்லாவில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கம்பளி பின்னிக்கொண்டே, "ஏதாவது அகப்பட்டதா, கண்ணே?" என்று கேட்டாள்.

சிங்கத்தைக் காட்டிவிட்டேன்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு 20 என்று எழுதினாள். அது எனக்குக் கட்டாது. ஸ்பூன் கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டது.

3 பவுனுக்கு ஒரு மேஜை விரிப்பு வாங்கி வந்தேன். ஓரமெல்லாம் கையால் போட்ட பூ வேலை. ஒரு மூலையில் மட்டும் இரண்டு இதழ்கள் வெறும் நீலக் கோடாகவே நிற்கின்றன. தைத்தவளுக்கு நூல் தீர்ந்ததோ, நாள் தீர்ந்ததோ. அதே ஊதா நிற நூலை இங்கே கடை கடையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.