உறைய மறுத்த எண்ணெய்

அண்ணன் நாகல் நகரிலிருந்து போன் செய்தார். "டேய், பய பாங்க் பரீட்சை எழுத மாட்டேங்கிறான். ஏதோ படிகத்துல ஆராய்ச்சியாம், அஞ்சு வருஷமாம். நீதான் பிசிக்ஸ் படிச்சவன். வந்து புத்தி சொல்லு."

படித்தவன்தான். எம்.எஸ்ஸி. இடம் கிடைத்த வாரமே கிளார்க் வேலை ஆர்டரும் வந்து, இருபத்தெட்டு வருஷமாக ஃபைல் புரட்டுகிறவன். புத்தி சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் திண்டுக்கல்லில் கிடையாது!

மார்கழிக் காலை. ஜன்னலோரம் இரண்டு தேங்காய் எண்ணெய் பாட்டில்கள். ஒன்று கட்டியாக உறைந்திருந்தது. இன்னொன்று தண்ணீர் மாதிரி.

"ரெண்டும் ஒரே குளிர்லதான் இருக்கு. இது ஏன் உறையலை சித்தப்பா?"

விழித்தேன்.

"முதல்ல ஒரு குட்டிப் படிகம் பிறக்கணும். அதுவரைக்கும் எவ்வளவு குளிர்ந்தாலும் திரவமாவே இருக்கப் பார்க்கும்." உறைந்ததில் துளி சுரண்டி அதில் போட்டான். நான் இட்லி தின்று எழுந்தபோது பாட்டிலின் அடியில் வெள்ளை படர்ந்திருந்தது.

அவன் ஆராயப்போவது எண்ணெயை அல்ல, டி.வி. திரையில் இருக்கிற திரவப் படிகத்தை. 1888-ல் ரைனிட்சர் என்ற தாவர இயல்காரர் கவனித்த விசித்திரம் அது. அவர் கையிலிருந்த பொருள் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5-ல்தான் தெளிந்தது. அந்தக் கலங்கல் நிலை எப்படி? மதுரை பஸ் வந்ததும் ஸ்டாண்டில் பாருங்கள். எல்லாரும் ஒரே திசை பார்ப்பார்கள், ஆனால் யாருக்கும் இடம் நிலையில்லை. அதுதான். சீட் கிடைத்து உட்கார்ந்துவிட்டால் படிகம்!

"உட்கார்ற அந்த நிமிஷத்தைப் பார்க்கணும் சித்தப்பா. மெதுவா குளிர வெச்சா, பார்க்க வேண்டிய குளிருக்குப் போறதுக்குள்ளயே உறைஞ்சிடும். அதனால நானோகிராம் கணக்குல எடுத்து, ஒரு சில்லு மேல வெச்சு, செகண்டுக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்துல குளிர்விக்கணும். கொஞ்ச நேரம் நிறுத்திட்டு அதே வேகத்துல சூடாக்கினா, உருகறதுக்கு எவ்வளவு வெப்பம் இழுக்குதோ அவ்வளவு படிகம் உண்டாகியிருக்குன்னு அர்த்தம்."

நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. எங்கள் ஆபீஸில் அதற்கு ஸ்டாக் ரிஜிஸ்தர் போடச் சொன்னால் சூப்பிரண்டு லீவில் போய்விடுவார்.

"எந்த ஊருல?"

"பெங்களூரு." 1977-ல் அங்கே ராமன் ஆராய்ச்சி நிலையத்தில்தான், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று சந்திரசேகரும் கூட இருந்தவர்களும் காட்டினார்களாம். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். எம்.எஸ்ஸி. கார்டு வந்த அன்று என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அண்ணன் பாட்டிலை வெயிலில் வைத்துக்கொண்டே கேட்டார்: "என்னடா, புத்தி சொன்னியா?"

"சொன்னான்ண்ணே."

"அவனா? சரியாப் போச்சு!" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "மாசம் ஏதாச்சும் குடுப்பாங்களாமா?" என்றார்.