கண்ணாடித் தொட்டியும் கடலும்

பெரும்பாலான மீன்களுக்குத் தம் உடல் வெம்மையைத் தாமே பேணிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. சூழ்ந்துள்ள நீரின் வெப்பமே அவற்றின் குருதியின் வெப்பமுமாகும். கடலில் வாழும் மீன் வெம்மை மிகுந்தால் ஆழத்தை நாடும். குளிர் மிகுந்தால் இடம் பெயரும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அடைபட்ட மீனுக்கு அவ்வழி இல்லை. ஆதலால், வீட்டில் மீன் தொட்டி வைப்பவர் அழகுப் பொருளொன்றை வைத்திருப்பதாக எண்ணினாலும், உண்மையில் ஒரு சிறு காலநிலைக்கே பொறுப்பேற்கிறார்.

இப்பொறுப்பு எத்தகையது என்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கடல் நன்கு உணர்த்தும். மாரியில் வாடை வீசி மழை பொழிகிறது. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று நிலத்தைத் தீய்த்துக்கொண்டு வருகிறது. நண்பகலில் கரைமணலில் கால் வைக்க இயலாது. எனினும் கடல்நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 26 பாகை செல்சியசுக்கும் 30 பாகைக்கும் இடையிலேயே நிற்கிறது. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4.2 கிலோயூல் வெப்பம் தேவை. ஆழமிக்க துறைமுகமும், கொட்டியாரக் குடாவும், அவற்றுக்கு அப்பால் விரியும் பெருங்கடலும் கொண்டுள்ள நீரின் அளவுக்கு ஒரு நாளின் வெயில் எம்மாத்திரம்? கடலின் உறுதி அதன் பெருமையிலிருந்து பிறப்பது.

தொட்டிக்கு அப்பெருமை இல்லை. 100 இலீற்றர் நீரை ஒரு பாகை உயர்த்த 420 கிலோயூல் போதும். 100 வாற்று வெப்பமாக்கியொன்று, வெப்ப இழப்பு இல்லையெனில், 70 நிமிடங்களில் அதனைச் செய்துவிடும். எளிதில் பெறுவதை எளிதில் இழப்பதும் இயல்பேயன்றோ?

திருகோணமலை வீடுகளில் வெப்பமாக்கிக்குப் பெரும்பாலும் வேலையில்லை. அங்கு அஞ்ச வேண்டியது கச்சான் காலத்து வெம்மையையே. நன்னீர் 25 பாகையில் இலீற்றருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 ஆகக் குறையும். நீரில் ஒட்சிசன் குறையும் அதே வேளையில் மீனின் தேவையோ கூடுகிறது. தொட்டியின் மூடியை நீக்கி, மின்விசிறிக் காற்றை நீர்ப்பரப்பின்மீது செலுத்துவதே எளிய பரிகாரம். மண்பானை நீரைக் குளிர்விக்கும் ஆவியாதலே இங்கும் துணைநிற்கிறது.

கிழக்குக் கடல் அமைதியுறும் மாதங்களில் சுழியோடிகள் இப்பகுதியில் பிடிக்கும் வண்ண மீன்கள் குளிர்நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அங்கேதான் வெப்பமாக்கி உயிர்காக்கும் கருவியாகிறது. பழைய வகை வெப்பமாக்கியினுள்ளே ஈருலோகச் சட்டமொன்று உண்டு. சூடேறும்போது இரு உலோகங்களும் வெவ்வேறளவு விரிவதால் அச்சட்டம் வளைந்து மின்தொடர்பைத் துண்டிக்கும். குளிர்ந்ததும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். அசையாதது போலத் தோன்றும் வெப்பநிலை ஓய்வின் விளைவன்று. ஓயாத திருத்தத்தின் விளைவு. தொடுகை ஒட்டிக்கொண்டால் தொட்டி அளவுமீறிச் சூடாகும். அதனாலேயே, பெரிய வெப்பமாக்கி ஒன்றைவிடச் சிறியவை இரண்டு பாதுகாப்பானவை. ஒன்று தவறினாலும், அதனால் மட்டும் விரைவில் பெருங்கேடு விளைவதில்லை. வெப்பமானியை மறுமுனையில் வைத்தலும், நீரை மாற்றுமுன் மின்சாரத்தை நிறுத்துதலும் இன்றியமையாதவை.

இம்மீன்கள் சென்று சேரும் குளிர்நாடுகளில், இதே கரையிலிருந்து போரினால் பெயர்ந்த குடும்பங்களும் வாழ்கின்றன. 2013 டிசெம்பரில் ரொறன்ரோவில் பெய்த உறைமழை மின்கம்பிகளை வீழ்த்தியது. இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் அற்றது. சிலவற்றில் அது மீளப் பல நாட்களாயிற்று. அத்தகைய இரவில் மனிதரும் மீனும் ஒரே குளிரைப் பகிர வேண்டியவராவர். தொட்டியைப் போர்வையால் சுற்றி வெப்ப இழப்பைத் தாமதப்படுத்தலாம். கொதிநீரைத் திடீரென ஊற்றுவது தகாது. மெல்லக் குறையும் வெப்பத்தை ஓரளவு தாங்கும் மீன், சடுதியான மாற்றத்தைத் தாங்குவது அரிது.

தொட்டி கற்பிக்கும் இப்பாடம் இன்று கடலுக்கும் வேண்டியதாயிற்று. முருகைக்கல்லின் உடலில் நுண்பாசிகள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கின்றன. வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிய வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே அவை வெளியேற்றப்பட, முருகைக்கல் வெளிறுகிறது. 1998இல் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் முருகைக்கற்கள் பெருமளவில் மடிந்தன. திருகோணமலையை அண்டியவை அவ்வாண்டில் பெரும்பாலும் தப்பின. ஆனால் 2024 ஏப்பிரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. அச்சட்டங்கள் வலையையும் தூண்டிலையும் தடுக்கலாம். சூடேறும் நீரைத் தடுக்கமாட்டா.

பெருமையால் உறுதிபெற்ற கடல் மெல்லவே சூடாகும். ஏற்ற வெப்பத்தை மெல்லவே இழக்கும். தொட்டியின் பிழையை ஓரிரவில் திருத்தலாம்; கடலின் பிழையைத் திருத்தத் தலைமுறைகள் வேண்டும். தொட்டிக்கருகே ஆளியைக் கவனிக்க ஒருவர் இருக்கிறார். கடலுக்குச் சூடேற்றும் ஆளியோ எண்ணற்ற புகைபோக்கிகளிலும் இயந்திரங்களிலும் சிதறிக் கிடக்கிறது. அதன்மீது தன் கையும் உண்டென ஒவ்வொருவரும் உணர்வதே திருத்தத்தின் தொடக்கமாகும்.